இருபத்தாறரை டிகிரி

மே 2, செவ்வாய்

பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதிவைக்கப் போகிறேன். உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இன்று எங்கள் மகளிர் ஆட்டுப்பால் சங்கத்துக்கு முனைவர் சிவப்பிரகாசம் வந்தார். சங்கத்தின் ஆலோசகர். பொன்னாடை, இளநீர், மாலை. ஐந்து வருடத்துக்கு முன் அவர் கொண்டுவந்து கொடுத்த வெள்ளைச் சீமைக் கிடாவுக்கும் ஒரு மாலை. பெண்கள் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துரை மாலையைத் தின்றுவிட்டது. இன்றைய கூட்டத்தில் உருப்படியான காரியம் செய்தது அது ஒன்றுதான்.

"வெள்ளாட்டுப் பாலின் புரதத்தைப் பற்றிய என் ஆராய்ச்சியில்..." என்று அவர் தொடங்கினார். என் ஆராய்ச்சியாம்! பல்கலைக்கழகத்தில் இருநூறு ஆடுகளின் பாலை வாங்கி வந்து, ஒவ்வொன்றின் புரதத்தையும் பிரித்து, நம் ஊர்க் கறுப்பாடுகளின் பாலில் ஒரு புரதம் மட்டும் ஏன் இத்தனை அடர்த்தி என்று கண்டுபிடித்தவன் நான். கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் அவர். என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றிப் பட்டியலில், தட்டச்சருக்கும் கீழே. மறுமாதம் வேலையை விட்டேன்.

இப்போது ஐம்பத்திரண்டு வயதில் நான் இந்தச் சங்கத்தின் ஆய்வகப் பொறுப்பாளர். அதாவது, நாற்பத்து மூன்று பெண்கள் காலையில் கொண்டுவரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பவன்.

மற்ற வேலைகள்: குளிர்விப்பான் கழுவப்பட்டது. கொழுப்புச் சோதனை அமிலம் தீர்ந்துவிட்டது, ஆர்டர் போட வேண்டும். ஒச்சம்மாளின் பால் மறுபடி இருபத்தாறரை டிகிரி. இருபத்தெட்டுக்குக் கீழே மூன்று முறை இறங்கினால் தண்ணீர் கலப்பு என்பது விதி. இது மூன்றாம் முறை. அவருடைய பால் வாங்கும் அட்டையை நிறுத்தக் கையெழுத்துப் போட்டேன். வாசல் பலகையில் பெயரும் எழுதியாயிற்று. வீட்டுக்குக் கொசுவலை வாங்க வேண்டும்.

மே 4, வியாழன்

கத்திரி வெயில் ஆரம்பம். எழுத ஒன்றுமில்லை.

மே 5, வெள்ளி

ஒச்சம்மாள் ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலிக் கேனை என் மேசைமேல் வைத்த சத்தத்தில் சோதனைக் குழாய்கள் ஆடின.

"ஏஞ்சார், தண்ணி எங்க சார் கெடக்கு இந்த ஊர்ல? ரெண்டு கொடம் தண்ணிக்கு விடிய வரிசையில நிக்கிறேன். அதத் தூக்கியாந்து ஒங்க பால்ல ஊத்துறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

"நான் சொல்லலைம்மா. கருவி சொல்லுது. கருவி பொய் சொல்லாது."

"கருவி பொய் சொல்லாது சார். ஆனா ஒங்க கருவிக்கு ஆட்டப் பத்தி என்னா தெரியும்?"

பால் எவ்வளவு கனம் என்பது மட்டுமே அந்தக் கண்ணாடிக் குழலுக்குத் தெரியும். பாலில் சத்து குறைந்தால் ஆழமாக முங்கும். அவ்வளவுதான்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. ஒங்க கண்ணு முன்னாடி கறந்து காட்டுறேன்."

"அது என் வேலை இல்லைம்மா."

"கையெழுத்துப் போடுறது மட்டும் ஒங்க வேலையாக்கும்" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் கொடைக்கானலிலிருந்து ஹில்டா மேடத்தின் தொலைபேசி. எங்கள் பாலில் சீஸ் செய்பவர். சங்கத்தின் ஒரே பெரிய வாடிக்கையாளர். "என்ன சார் பால் அனுப்புறீங்க? ரெண்டு மாசமா உறைமருந்து போட்டாக் கட்டியாவே மாட்டேங்குது. கஞ்சி மாதிரி ஓடுது. இதுல கிடா வாடை வேற!" பாலில் தண்ணீர் கலந்தவரைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம், இனி சரியாகிவிடும் என்றேன்.

மே 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நிம்மதி போயிற்று. காரணம் அந்தக் கிடா வாடை.

தண்ணீர் ஊற்றினால் வாடை குறையும். அதிகமாகாது! இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். "என்ன, உப்பு கம்மியா?" என்றாள் என் மனைவி தமயந்தி. இல்லை, இட்லி நன்றாகத்தான் இருந்தது. பால் கட்டியாகவில்லை, ஆனால் வாடை கூடியிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதை நான் எங்கே படித்தேன்? படிக்கவில்லை. எழுதினேன்! பரணில் ஏறி என் பழைய ஆய்வு நோட்டுகளை இறக்கினேன். நாலாவது நோட்டு, பக்கம் அறுபத்தொன்று, என் கையெழுத்து: 'இந்தப் புரதம் குறைந்த ஆடுகளின் பாலில் வெள்ளாட்டு வாடை அதிகம், கட்டி தளர்வு, கொழுப்பும் குறைவு.'

நாளைக் காலை ஒச்சம்மாள் வீட்டுக்குப் போகிறேன்.

மே 8, திங்கள்

எங்கே தொடங்குவது! ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை ஐந்தரைக்குப் போனேன். வேலிக்கருவை நிழலில் ஐந்து கறவை ஆடுகள். ஒச்சம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "ஆத்தி! சாருக்கு வழி தெரிஞ்சிருச்சே" என்றார். பாத்திரங்களை நானே கவிழ்த்து, துடைத்து, முகர்ந்து பார்த்தேன். அவர் சேலை முந்தானையை உதறிக் காட்டினார். "பாத்துக்கங்க சார், இடுப்புல குழாய் எதுவும் சொருகல." பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் கறக்கச் சொன்னேன். நுரை அடங்கும்வரை காத்திருந்து அளந்தேன். முதலில் ஒரு வெள்ளை இளம் ஆடு, ரெண்டாம் ஈத்து. நிறையக் கறந்தது. இருபத்தாறு. அடுத்த வெள்ளை, இருபத்தைந்தரை. மூன்றாவது வெள்ளை, இருபத்தாறு. என் கண் முன்னால், உலர்ந்த பாத்திரத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல்! நாலாவது பழுப்பும் வெள்ளையும் கலந்தது. இருபத்தெட்டு. கடைசியாக ஒரு கிழட்டுக் கறுப்பாடு, ஒரு தம்ளர் பால்தான் கொடுத்தது. முப்பது!

முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு. படிக்கட்டு!

"இந்த வெள்ளைகளுக்கு அம்மா எது?"

"அந்தப் பழுப்புதான். அவளுக்கு அம்மா இந்தக் கருப்பாயி."

"அப்பன்?"

"எல்லாத்துக்கும் அப்பன் தொரதான். பழுப்புக்கும் அவன், பழுப்போட குட்டிகளுக்கும் அவன். ஊர்ல இருந்த வேற கிடாவுக்கெல்லாம்தான் முகாம் போட்டுக் காயடிச்சுட்டீங்களே. மகள அப்பங்கிட்டயே விடச் சொல்றீங்களே, இது அடுக்குமான்னு கேட்டோம். ஒங்க பெரிய சாரு, 'சங்கக் கிடா தவிர வேற கிடாகிட்ட விட்டா அட்டை ரத்து'ன்னாரு. நாந்தான் மொத ஆளா அவர் பேச்சக் கேட்டேன். மொத ஆளா என் பேரத்தான் பலகையில எழுதியிருக்கீங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு கறுப்புக் கிடாவ மட்டும் அன்னிக்குக் கரும்புக் காட்டுக்குள்ள கட்டிப்போட்டுட்டேன். எழுதிறாதீங்க சார்" என்றார்.

எழுதிவிட்டேன். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

புரிகிறதா இது? பாலைக் கட்டியாக்கும் புரதங்கள் நாலு. அதில் ஒன்றுக்கு ஆல்பா எஸ்-ஒன் கேசீன் என்று பெயர். அதைச் சுரக்கச் சொல்லும் மரபணு எல்லா ஆட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில ஆட்டில் வலுவானது, தாராளமாகச் சுரக்கும். சில ஆட்டில் அந்த மரபணுவில் ஒரு சின்ன விடுபடல், அதனால் பேருக்குத்தான் சுரக்கும். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. கருப்பாயிக்கு இரண்டுமே வலு. துரைக்கு இரண்டுமே சோனி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒன்று வலு, ஒன்று சோனி. அந்த மகளை மறுபடி அப்பனிடமே விட்டால் பேத்திகளில் பலவற்றுக்கு இரண்டும் சோனி. படிக்கட்டு!

புரதம் மட்டுமே நாலு டிகிரியை இறக்காது, அதுவும் எனக்குத் தெரியும். சீமை இரத்தம் கலந்த ஆடு நிறையக் கறக்கும், அதனாலும் பால் இளகும். வெயிலும் சேர்ந்துகொண்டது. ஆனால் தண்ணீர் இல்லை. இல்லவே இல்லை.

சிவப்பிரகாசம், சோதிக்காமல் ஒரு கிடாவைக் கொண்டுவந்து நாற்பத்து மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிட்டாய். எந்தக் கட்டுரையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாயோ, அதையே நீ படித்துப் பார்க்கவில்லை. அகப்பட்டாய்!

மே 9, செவ்வாய்

தண்ணீர்ச் சோதனை. எங்கள் ஊர்க் கிணற்று நீரில் நைட்ரேட் உண்டு, மடியிலிருந்து வரும் பாலில் கிடையாது. மருந்தைப் பாலில் மெல்ல விட்டால், கிணற்று நீர் கலந்திருந்தால் நீல வளையம் தோன்றும். கிணற்று நீரில் விட்டேன்: நீலம். ஒச்சம்மாள் பாலில் நான் வேண்டுமென்றே நாலு கரண்டி கிணற்று நீர் சேர்த்து விட்டேன்: நீலம். கலப்படமில்லாத அவருடைய பாலில் விட்டேன்: ஒன்றுமில்லை. மே இரண்டாம் தேதி நான் மாதிரிக்கென எடுத்து ஃப்ரீசரில் உறையவைத்திருந்த அவருடைய பழைய பாலை உருக்கி விட்டேன்: ஒன்றுமில்லை!

ஆய்வகத்தில் தனியாக இருந்தபடியே கை தட்டினேன்.

மொத்தம் இருபது நிமிட வேலை. மருந்துப் புட்டி இரண்டாம் தட்டிலேயே இருந்தது. நாலு மாதமாக அங்கேதான் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 11, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து வரும்போது நான் எடுத்துவந்த ஒரே பொருள் புரதம் பிரிக்கும் கண்ணாடிப் பெட்டி. (என் சொந்தச் செலவில் செய்தது, யாரும் கேட்க முடியாது.) தூசி தட்டி, ஜெல் என்கிற கூழை ஊற்றி, ஐந்து ஆடுகளின் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினேன். மின்சாரம் பாய்ந்தால் ஒவ்வொரு புரதமும் தன் தன் வேகத்தில் ஓடித் தனித்தனிக் கோடாய் நிற்கும். சாயம் ஏற்றினால் நீலக் கோடுகள்.

பத்து மணிக்குத் தொடங்கினேன். பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று! குளிர்விப்பானுக்கென்று வைத்திருக்கும் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தேன். சங்கச் செயலாளர் தங்கம் ஓடிவந்தார்.

"சார், பால் திரிஞ்சிரும் சார்!"

"ஒரு மணி நேரம் தாங்கும்மா. கதவத் தெறக்காதீங்க."

"என்னா சார் அது, கண்ணாடிப் பொட்டிக்குள்ள?"

"ஒச்சம்மா."

தங்கம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மே 12, வெள்ளி

காலை எட்டு மணிக்குச் சாயம் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன்.

கருப்பாயி: அந்த இடத்தில் விரல் தடிமனில் கரு நீலம். பழுப்பு: அதில் பாதி. மூன்று பேத்திகள்: நிழல். நிழல்! இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய நிழல். மற்ற கோடுகளெல்லாம் ஐந்திலும் திடமாக நிற்கின்றன. தண்ணீர் ஊற்றியிருந்தால் எல்லாக் கோடும் சேர்ந்து வெளுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும், அந்த ஒன்று மட்டும் காணாமல் போயிருக்கிறது!

முப்பது வயதில் இப்படி ஒரு காலை எனக்கு வாய்த்திருந்தது. இரண்டாவதும் வாய்க்கும் என்று நினைக்கவே இல்லை. சாலைக்கு ஓடிப்போய் டீக்கடைக்காரரிடம் காட்டினேன். "எக்ஸ்ரேயா சார்? யாருக்கு?" என்றார்.

நாளை நிர்வாகக் குழுக் கூட்டம். சிவப்பிரகாசமும் வருகிறார். வரட்டும். வரட்டும்!

மே 13, சனி

இன்று பேசியதுபோல் வாழ்நாளில் நான் பேசியதில்லை. நாற்பது நிமிடம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னிருந்து ஆரம்பித்தேன். அங்கிருந்து ஆரம்பிக்காவிட்டால் எப்படிப் புரியும்? பழைய கட்டுரையின் பிரதியை எடுத்துப் போயிருந்தேன். நன்றிப் பட்டியலில் சிவப்பு மையால் கோடிட்டு ஐந்து குழு உறுப்பினர்களுக்கும் காட்டினேன். தங்கம் கொட்டாவி விட்டது தூக்கக் குறைவால் இருக்கலாம். பிறகு கூழைக் காட்டினேன். சிவப்பிரகாசம் முகம் வெளுத்தது. வெளுத்தது என்றுதான் நினைக்கிறேன், அவருக்குப் பின்னால் சன்னல்.

அவர் மெதுவாகச் சிரித்தார். "தம்பி, அந்தப் பட்டியல்ல உங்க பேரை என் கையால எழுதினேன். நல்லது செஞ்சா இப்படித்தான். இப்ப உங்களுக்குக் கோவம் என் கிடா மேலயா, என் மேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருக்குத் தக்க பதில் கொடுத்தேன். அவர் எனக்குக் கொடுத்தார். நான் மறுபடி கொடுத்தேன்.

சங்கத் தலைவி பாண்டீஸ்வரி ஒரு கட்டத்தில் கையை உயர்த்தினார். "சார், எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஒச்சம்மா தண்ணி ஊத்துனாளா, ஊத்தலையா?"

"அது அப்புறம்மா. அடிப்படைக் கேள்வி என்னன்னா, இந்த ஆராய்ச்சிய மொதல்ல பண்ணது யாரு..."

பாண்டீஸ்வரி நோட்டை மூடினார். ஒச்சம்மாளை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, மகாசபையில் வைக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஆனால் அருமையாகப் பேசினேன்.

மே 14, ஞாயிறு

கூட்டத்தில் நடந்ததைத் தமயந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காகப் பேசப் போனீங்க?"

"ஒச்சம்மாவுக்காகத்தான்."

"நாப்பது நிமிசத்துல அந்தம்மா பேரு எத்தன தடவ வந்துச்சு?"

நான் பேப்பரை எடுத்து விரித்தேன். அவளும் விடவில்லை. "அந்த நோட்டெல்லாம் மூணு வருசம் நம்ம வீட்டு அலமாரியிலதானே கெடந்துச்சு. எழுதுங்க எழுதுங்கன்னு அந்த மனுசன் மூணு தடவ ஆள் அனுப்புனாரு. 'இன்னும் நூறு ஆடு பாக்கணும், இன்னும் நூறு ஆடு பாக்கணும்'னீங்க."

அது வேறு விஷயம். ஆராய்ச்சி என்றால் பொறுமை வேண்டும். அவளுக்கு அது புரியாது.

மதியம் தூங்க முடியவில்லை. வெக்கை.

மே 15, திங்கள்

தங்கத்தின் பால் இன்று இருபத்தெட்டு. போன மாதம் இருபத்தொன்பது. அவர் வீட்டிலும் துரையின் பேத்திகள் ஈன ஆரம்பித்திருக்கின்றன.

மே 17, புதன்

போகும் வழியில் ஒச்சம்மாள் வீட்டில் நின்றேன். இல்லை, வழியில் இல்லை. அதற்கென்றே போனேன்.

பழுப்பு ஆட்டையும் மூன்று வெள்ளைகளையும் மகாசபைக்கு முந்தின நாள், அய்யலூர்ச் சந்தைக்கு ஏற்ற ஆள் பேசியிருக்கிறாராம். கறவை ஆடாக இல்லை, கறிக்கு.

"சங்கம் எடுக்கலைன்னா தெனம் ஆறு படி ஆட்டுப்பால நான் என்னா சார் பண்றது, குளிக்கவா? கெடக்கட்டும். ஆடு போனா ஆடு வாங்கிறலாம். எம்பேரு இப்ப ஊருக்குள்ள என்னா தெரியுமா? 'தண்ணி ஒச்சு'. எம்மகளக் கட்டுன வீட்டுல போயி, 'ஒங்க சம்பந்தியம்மா பால்ல எத்தன பங்கு தண்ணி'ன்னு கேட்டுருக்காளுக. அவ போன் பண்ணி அழுகுறா."

"குழுக் கூட்டத்துல உங்களுக்காகப் பேசினேன்மா. நாற்பது நிமிஷம்."

"தங்கம் சொன்னா." கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டம். "ஒங்க ரெண்டு பேருக்கும் பழைய பகையாமே. சார், நீங்க பேசுனா அது ஒங்க சண்டை ஆயிருது. அதுல நான் எங்க இருக்கேன்னு நானே தேட வேண்டியிருக்கு."

கருப்பாயியின் பாலில் போட்ட டீ ஒன்று கொடுத்தார். குடித்தேன். அந்தப் பாலில் வாடையே இல்லை. அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மே 20, சனி

மகாசபைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐந்து பக்கம் வந்தது. ஒச்சம்மாள் எங்கே வருகிறார் என்று விரல் வைத்துப் பார்த்தேன். நாலாம் பக்கத்தின் நடுவில்.

கிழித்தேன். மறுபடி எழுதியது மூன்று பக்கம். சிவப்பிரகாசத்தின் பெயர் பதினான்கு இடத்தில். பதினான்கையும் அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கடிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. இது எனக்கு ஆத்திரமூட்டியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஆத்திரம் போய், வேறு மாதிரியான ஒரு பரபரப்பு வந்தது. கூழைக் கழுவிக்கொண்டே இருந்தால் வேண்டாத சாயமெல்லாம் போய் கோடுகள் மட்டும் நிற்குமே, அந்த மாதிரி. எதை எடுத்தாலும் நிற்கிறது! இதை எடுத்தால்? நிற்கிறது. அதை? அதுவும்!

கரும்புக் காட்டுக் கிடாவைப் பற்றிய வரியையும் எடுத்தேன். அது அவர் ரகசியம்.

மே 22, திங்கள்

பாண்டீஸ்வரி மகாசபைக்கான தபால் கோப்பை என் மேசையில் வைத்து, தேதிவாரியாக அடுக்கித் தரச் சொன்னார்.

"எல்லாத்தையும் வாசிப்பீங்களாம்மா?"

"எல்லாத்தையும்தான் சார். வர்ற அன்னிக்கே நான் பிரிச்சுப் படிச்சிருவேன். தபால்ல வந்த காயிதம் எதுவா இருந்தாலும் சபையில வாசிச்சிரணும்னு மொத வருசமே தீர்மானம் போட்டாச்சு. போன வருசம் எம்மேலயே ஒரு மொட்டக் கடுதாசி வந்துச்சு. நான்தான் மைக்கப் பிடிச்சு வாசிச்சேன். 'தலைவி பாண்டீஸ்வரி ஒரு திமிர் பிடிச்சவர்'னு. எல்லாரும் கை தட்டுனாளுக."

"பேர் போடாத கடிதத்தை நம்புவாங்களா?"

"பேரு இருந்தா எழுதுனவனப் பத்திப் பேசுவாளுக. இல்லைன்னா எழுதுனதப் பத்திப் பேசுவாளுக" என்று சொல்லிவிட்டு ரப்பர் முத்திரையைத் தேடிக்கொண்டு போனார்.

மே 23, செவ்வாய்

என் கையெழுத்து சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எல்லாப் புட்டியிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. காலையில் வத்தலக்குண்டு போய் ஒரு தட்டச்சுக் கடையில் சொல்லச் சொல்ல அடித்து வாங்கினேன். அடித்த பெண் பாதியில் நிறுத்தி, "அய்யோ பாவம் சார் இந்தம்மா" என்றாள். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் மதிப்புரை.

ஒரே பக்கம். இங்கே நகலெடுத்து வைக்கிறேன்:

'மகாசபைக்கு வணக்கம். ஒச்சம்மாளின் பாலில் தண்ணீர் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். அவருடைய ஐந்து ஆடுகளையும் சந்தைக்கு விடாமல் நிறுத்தி, மகாசபை அன்று காலை சங்க வாசலுக்கு ஓட்டிவரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும், நீங்கள் துடைத்துக் கொடுக்கும் பாத்திரத்தில் கறக்கட்டும். ஒவ்வோர் ஆட்டின் பாலையும் தனியே அளந்து பாருங்கள். கறுப்பாடு முப்பதை ஒட்டி நிற்கும். பழுப்பு இருபத்தெட்டு. வெள்ளை மூன்றும் இருபத்தேழைத் தாண்டாது. தண்ணீர் ஊற்றுகிறவர் ஆட்டின் நிறம் பார்த்து ஊற்ற மாட்டார்.

வெள்ளை மூன்றுக்கும் அப்பனும் தாத்தனும் சங்கக் கிடாவே. மகளை அப்பனிடம் விடச் சொன்னது சங்கத்தின் உத்தரவு. அந்தக் கிடா வழியில் பாலைக் கட்டியாக்கும் ஒரு புரதம் மிகக் குறைவு. கொடைக்கானலில் சீஸ் உறையாததும் இதனால்தான். உத்தரவை முதலில் கேட்டவர் ஒச்சம்மாள், அதனால் முதலில் மாட்டியவரும் அவர். அடுத்த வருடம் உங்களில் பாதிப் பேரின் பெயர் அந்தப் பலகையில் இருக்கும். அந்தக் கிடாவை இன்றே ஒதுக்குங்கள். அடுத்த கிடாவை அதன் நிறம் பார்த்து வாங்காதீர்கள், அதன் தாயின் பாலை உறையவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. ஆய்வகப் பொறுப்பாளரைச் சபையில் எழுந்து நிற்கச் சொல்லி இதைக் கேளுங்கள்: ஒச்சம்மாளின் அட்டையை நிறுத்தக் கையெழுத்துப் போடும் முன், கிணற்று நீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் இருபது நிமிடச் சோதனையைச் செய்தீரா? அதற்கான மருந்து உம் அலமாரியில் இருந்ததா, இல்லையா? வந்து பாருங்கள் என்று அந்த அம்மாள் கூப்பிட்டபோது ஏன் போகவில்லை?'

வீட்டுக்கு வந்து தமயந்தியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தாள்.

"மொட்டக் கடுதாசியா? இந்த வயசுலயா? அதுவும் ஒங்க மேலேயேவா?"

"ஆமா."

"எழுப்பி நிறுத்திக் கேப்பாளுகளே. நாப்பத்து மூணு பேரும்."

"கேக்கட்டும். சொல்றேன். செய்யலைன்னு சொல்றேன்."

"நீங்கதான் கண்டுபிடிச்சதுன்னு யாருக்கும் தெரியாதே." அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

கடிதத்தின் அடியில் மூன்று விரற்கடை வெள்ளை இடம் இருக்கிறது. பேனாவைத் திறந்து அந்த இடத்தின் மேல் பிடித்தேன், உண்மையை எழுத வேண்டுமென்றால். பெயர், அதன் பக்கத்தில் பட்டம், அதன் கீழே 'இதை முதலில் கண்டறிந்தவர்' என்று மூன்று சொல். அவ்வளவுக்கும் இடம் தாராளமாக இருந்தது. அதைப் போட்டால் வெள்ளிக்கிழமை சபையில் ஆடு கறக்க மாட்டார்கள். எனக்கும் அவருக்கும் என்ன பகை என்று கதை கேட்பார்கள். நானும் சொல்வேன், என்னைத் தெரியும் எனக்கு. நாற்பது நிமிடம் சொல்வேன்.

பேனாவை மூடிவிட்டேன். காகிதத்தை மூன்றாய் மடித்து உறையில் போட்டு நாக்கால் ஒட்டியாயிற்று. இப்போது பிற்பகல் இரண்டேகால். முச்சந்தித் தபால் பெட்டியை மூன்று மணிக்குத் திறப்பார்கள், நாளைக்கே சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பாண்டீஸ்வரி பிரித்துப் படித்துவிடுவார். சந்தை வண்டி நாளை மறுநாள். பெயர் இல்லாமலேயே போடுகிறேன். கிளம்புகிறேன்.